கார்ட்டூன் வழியே சிரிப்பும் சக மனிதரும்: பார்ப்பது முதல் வரைந்து பகிர்வது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். பொது இடங்களில் இயல்பாக எழுந்த சுமார் 1,200 சிரிப்புத் தருணங்களை அவரும் அவருடைய மாணவர்களும் குறித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நகைச்சுவைத் துணுக்கு எதையும் கேட்டு எழுந்தவையாக இல்லை. “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்பது போன்ற மிகச் சாதாரணமான பேச்சைத் தொடர்ந்தே எழுந்திருந்தன. சிரிப்பு என்பது முதன்மையாக ஒரு மனிதர் இன்னொருவருக்குக் காட்டும் சைகை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

நாளின் பெரும்பகுதியைத் திரைக்கு முன் தனியே கழிக்கும் இன்றைய வாழ்க்கையில் அந்தச் சைகைக்கு வாய்ப்புகள் குறைந்துவிட்டன. கார்ட்டூன் அந்த இடத்தில் உண்மையாகவே உதவும் என்பது என் நம்பிக்கை. எதிரில் இல்லாத ஒருவருக்கு “இதை நானும் பார்த்தேன், உனக்கும் இப்படித்தானா?” என்று கேட்கும் வேலையை ஒரு சிறிய கட்டமும் ஒரு வரி வசனமும் செய்துவிடுகின்றன. ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் அது நடப்பதில்லை. கார்ட்டூனைப் பார்ப்பதற்கும், அன்றாடத்தில் அதன் விதையை அடையாளம் காண்பதற்கும், ஓவியப் பயிற்சி இல்லாமலே அதை வரைவதற்கும், உரிய மனிதரிடம் கொண்டு சேர்ப்பதற்கும் சில எளிய முறைகள் இருக்கின்றன. அவற்றை இங்கே வரிசையாக விளக்குகிறேன். வரிசைப்படி செய்து பார்ப்பதே நல்லது. மூன்றாம் படியில் மட்டும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம். மற்றவை அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: ஒரு நாளைக்கு ஒரே ஒரு கார்ட்டூனை முழுமையாகப் பார்த்தல்

ஒரு நாளைக்கு ஒன்று போதும். படத்துக்குக் கீழே வசனம் இருந்தால் அதை முதலில் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் அரை நிமிடம் பாருங்கள். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், யாருடைய பார்வை எங்கே இருக்கிறது, உடம்பு சாய்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா, பின்னணியில் தேவையில்லாதது போலத் தோன்றும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகு கையை எடுத்து வசனத்தைப் படியுங்கள். ஒற்றைக் கட்டக் கார்ட்டூன்களில் பெரும்பாலும் படமும் தனியாகச் சிரிப்பூட்டாது, வசனமும் தனியாகச் சிரிப்பூட்டாது. இரண்டும் மோதும் அந்தக் கணத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. கையால் மறைத்துப் பார்க்கும்போது அந்த மோதலை நாமே நிகழ்த்துகிறோம்.

நவீன வாழ்க்கையைப் பற்றிய கார்ட்டூன்களில் மிகவும் அறியப்பட்ட ஒன்று, ‘நியூ யார்க்கர்’ என்ற அமெரிக்க இதழில் 1993 ஜூலை 5 அன்று பீட்டர் ஸ்டைனர் வரைந்து வெளிவந்தது. கணினிக்கு முன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு நாய், இணையத்தில் நாம் நாய் என்பது யாருக்கும் தெரியாது என்ற பொருளில் இன்னொரு நாயிடம் சொல்கிறது. இணையம் பெரும்பாலான வீடுகளை எட்டியிராத காலத்தில் வந்த இப்படம், முகம் மறைத்துப் பழகும் ஒரு யுகத்தை முன்கூட்டியே பிடித்துவிட்டதாகப் பலரும் பாராட்டுவார்கள். அது சரியே. ஆனால் தரையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டாவது நாயையும் பாருங்கள். உலகம் முழுவதையும் ஏமாற்ற முடிந்த அந்த முதல் நாய்க்கு, தன்னை உள்ளபடி அறிந்த ஒரு தோழனிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இணையத்தைப் பற்றிய அந்தப் படத்துக்குள் நட்பைப் பற்றிய ஒரு படமும் இருக்கிறது. வேகமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

எந்தக் கார்ட்டூனிலும் பேசாமல் நிற்பவர் யார் என்று தேடும் பழக்கம் மிகுந்த பலன் தரும். இந்தியக் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1951 முதல் வரைந்துவந்த ‘சாமானிய மனிதர்’ என்ற பாத்திரம், கட்டம் போட்ட கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக எல்லா இடத்திலும் இருப்பார், எதுவும் பேசமாட்டார். அதிகாரமும் படோடோபமும் பேசிக்கொண்டிருக்க, அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முகத்தில் நாம் நம்முடைய முகத்தைக் காண்கிறோம். வசனமே இல்லாத படங்களுக்கு வேறொரு முறை உண்டு. ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த வசனமில்லா நகைச்சுவைப் படங்களைப் போன்ற ஒன்று கிடைத்தால், அதில் நடப்பதை அருகிலிருப்பவரிடம் வாய்விட்டுக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் மாறுகிறதோ, அந்த இடத்தில்தான் ஓவியர் சிரிப்பை வைத்திருக்கிறார்.

இரண்டாம் படி: ஏன் சிரித்தோம் என்று மூன்று கேள்விகள் கேட்டல்

சிரித்த பிறகு ஒரு குறிப்பேட்டில் மூன்று விடைகளை எழுதுங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? என்ன நடந்தது? இந்தப் படத்தில் நான் யார்? முதல் இரண்டும் நகைச்சுவையின் கட்டமைப்பைக் காட்டும். மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதேயில்லை, ஆனால் மனிதத் தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது. எல்லாக் கார்ட்டூனிலும் நாம் வேடிக்கை பார்ப்பவராகவே இருக்கிறோம் என்று குறிப்பேடு காட்டினால், நாம் தேர்ந்தெடுக்கும் கார்ட்டூன்களையே மாற்ற வேண்டும்.

பிரெஞ்சு தத்துவவாதி ஆன்ரி பெர்க்சன் 1900-இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள மனிதர் இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும்போது நாம் சிரிக்கிறோம் என்று வாதிட்டார். பழக்கத்தின் வேகத்தில், சூழ்நிலை மாறியது தெரியாமல், அதே செயலைத் திரும்பச் செய்யும் மனிதர் நமக்கு வேடிக்கையாகத் தெரிகிறார் என்பது அவர் கருத்து. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கருத்து கைகொடுக்கிறது. இயந்திரங்களுடன் நாள் முழுதும் பழகி, அவற்றின் விதிகளுக்கு நம் உடம்பையும் பேச்சையும் வளைத்துக்கொள்ளும் நம்மைப் பற்றியே அவர் எழுதியது போல இருக்கிறது.

மூன்றாம் படி: அன்றாடத்தில் விதை தேடுதல்

இப்போது பிறர் வரைந்ததை விட்டுவிட்டு, சுற்றியிருப்பதைப் பார்க்கத் தொடங்குகிறோம். இங்கே ஒரே ஒரு விதி உண்டு: நகைச்சுவையாக எழுத முயலாதீர்கள். யார், எங்கே, எதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் என்ன செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் செய்தியைப் போல எழுதுங்கள். சிரிப்பை முன்கூட்டியே தேடினால் பழைய ஜோக்குகள்தான் நினைவுக்கு வரும். நடந்ததை நேர்மையாக எழுதினால் புதியது தானாக வந்து சேரும்.

எங்கே தேடுவது என்பதில் குழப்பம் வேண்டாம். தான் இயந்திரம் இல்லை என்று ஓர் இயந்திரத்துக்கு நிரூபிக்க, சதுரங்களில் போக்குவரத்து விளக்கு இருப்பவற்றை ஒரு மனிதர் கவலையோடு தேர்ந்தெடுக்கிறார். மின்தூக்கிக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமல், மாறும் எண்ணையே முதன்முறை காண்பது போலப் பார்க்கிறார்கள். “தட்டச்சு செய்கிறார்” என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றி, இறுதியில் “சரி” என்ற ஒரு சொல் வருகிறது. கைக்கடிகாரம் காட்டும் அன்றைய நடை எண்ணிக்கை நிறைவடையாததால், படுக்கையில் உட்கார்ந்தபடி ஒருவர் கையை ஆட்டுகிறார். காணொளிக் கூட்டம் முடிந்ததும், பெரியவர்கள் எல்லோரும் குழந்தைகளைப் போலக் கையசைத்து விடைபெறுகிறார்கள். அதே மனிதர்கள் நேரில் ஒரு கூட்டம் முடிந்தால் அப்படிச் செய்வதில்லை. இவற்றில் எதுவும் கற்பனை இல்லை. எந்த ஊரிலும், எந்த வேலையிலும் இருப்பவர் இவற்றை அறிவார்.

ஒரு விதை எப்படிக் கார்ட்டூனாக வளர்கிறது என்பதை முழுமையாகப் பார்ப்போம். எடுத்துக்கொண்ட செய்தி இது: “ஒலி அணைந்திருப்பது தெரியாமல் ஒருவர் காணொளி அழைப்பில் நீண்ட நேரம் உருக்கமாகப் பேசினார்.” உடனே தோன்றும் கார்ட்டூன், அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி கையை வீசிப் பேச, சத்தம் வராததில் ஊழியர்கள் நிம்மதியாக இருப்பது. அது மோசமில்லை. ஆனால் ஆயிரம் பேருக்குத் தோன்றியிருக்கும், மேலும் அதில் இருப்பது ஏளனம் மட்டுமே. இப்போது செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு, பேசுபவரையும் கேட்பவரையும் மாற்றுங்கள். மேலதிகாரி இருந்த இடத்தில் ஒரு குழந்தை பேசினால் என்ன? கேட்பவர்கள் வெகு தொலைவில் இருந்தால் என்ன? மறுமுனையில் தாத்தாவும் பாட்டியும் ஒரே திரைக்கு முன் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருக்கிறார்கள். திரையில் பேரன் வாய் ஓயாமல் பேசுகிறான். தாத்தா சைகை காட்டக் கையைத் தூக்குகிறார். பாட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: “சத்தம் வரலைன்னு சொல்லிடாதீங்க, பேச்சை நிறுத்திடுவான்.”

இரண்டு கார்ட்டூன்களும் ஒரே செய்தியிலிருந்து வந்தவைதான். முதலாவது சிரிக்க வைக்கும். இரண்டாவது சிரிக்க வைத்துவிட்டு, யாரையோ அழைத்துப் பேசத் தூண்டும். இந்த வேறுபாடு ஓவியத் திறமையால் வரவில்லை. செய்திக்குள் யாருடைய ஆசை மறைந்திருக்கிறது என்று கேட்டதால் வந்தது. எனவே ஒவ்வொரு விதையையும் எழுதிய பின், “இங்கே யார் எதற்காக ஏங்குகிறார்?” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் எண்ணைப் பார்ப்பவர்கள் சங்கடத்திலிருந்து தப்பிக்க ஏங்குகிறார்கள். மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பவர் அதிகம் சொல்ல ஏங்கி, துணிவின்றிச் சுருக்கிக்கொள்கிறார். அந்த ஏக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் படத்தின் பாதி முடிந்துவிடும்.

ஆளை மாற்றுவதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. காலத்தை மாற்றி, கற்கால மனிதர் குகைச் சுவரில் ஓவியம் தீட்டிவிட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று காத்திருப்பதாக வைக்கலாம். வழக்குச் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழக்கத்தை அதன் எல்லைவரை நீட்டலாம். மூன்றையும் ஒரே படத்தில் செய்ய வேண்டாம்.

விதைகள் நம்மிடமிருந்து மட்டும் வர வேண்டியதில்லை. ‘டில்பர்ட்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை 1989-இல் தொடங்கிய ஸ்காட் ஆடம்ஸ், 1993-இல் தம் மின்னஞ்சல் முகவரியைத் தொடரிலேயே அச்சிட்டார். அலுவலகத்தில் படும் பாட்டை வாசகர்கள் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். தொடர் முழுமையான அலுவலகக் கார்ட்டூனாக மாறியது அதன் பிறகுதான். உங்களுடன் வேலை செய்பவர்களிடமும் வீட்டாரிடமும் “இன்றைக்கு ஏதாவது விசித்திரமாக நடந்ததா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள், “எப்படி இருக்கிறீர்கள்?” என்பதற்கு வரும் பதில்களைவிட நீளமாக இருக்கும்.

நான்காம் படி: வரையத் தெரியாமல் வரைதல்

வட்டம், இரண்டு புள்ளிகள், இரண்டு சிறு கோடுகள் போதும். ராண்டல் மன்ரோ 2005 முதல் இணையத்தில் வெளியிட்டுவரும் ‘எக்ஸ்கேசிடி’ தொடரில் மனிதர்கள் பெரும்பாலும் முகமே இல்லாத குச்சி உருவங்கள். உலகெங்கும் அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள். விவரங்கள் குறைந்த முகத்தில் வாசகர் தன்னை எளிதாகப் பொருத்திப் பார்த்துக்கொள்கிறார் என்பதால், எளிமை இந்தக் கலையில் ஒரு பலம்.

பயிற்சியைப் புருவத்தில் தொடங்குங்கள். ஒரே மாதிரியான பத்து வட்டங்களை வரைந்து, கண்ணுக்குப் புள்ளி வைத்து, புருவத்தை மட்டும் மாற்றுங்கள். மூக்குப் பக்கம் தாழ்ந்தால் கோபம். மூக்குப் பக்கம் உயர்ந்தால் துயரம் அல்லது கெஞ்சல். இரண்டும் நெற்றிக்கு ஏறினால் வியப்பு. ஒன்று மட்டும் ஏறினால் சந்தேகம். அடுத்தது முதுகுத்தண்டு. உடம்பை ஒரே கோடாகப் போட்டு, அது முன்னால் வளைந்தால் ஆர்வம் அல்லது களைப்பு, பின்னால் சாய்ந்தால் தயக்கம் அல்லது கர்வம் என்று பழகுங்கள். மேற்சொன்ன தாத்தா பாட்டி படத்தில் இருவரின் கோடுகளும் திரையை நோக்கி ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தால், முகம் சரியாக வராவிட்டாலும் பொருள் வந்துவிடும்.

கட்டத்துக்குள் தேவையற்றதை வைக்காதீர்கள். அலுவலகம் என்றால் மேசை ஒன்று, மருத்துவமனை என்றால் கட்டில் ஒன்று. வாசகரின் கண் இடமிருந்து வலமாகப் போவதால் முதலில் பேசுபவரை இடப்பக்கம் வையுங்கள். பேச்சுக் குமிழ் போடுவதாக இருந்தால் எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் கோடு இழுங்கள். குமிழை முதலில் வரைந்தால் எழுத்து அதற்குள் நசுங்கும்.

வசனத்துக்குத்தான் அதிக உழைப்பு தேவை. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவது கார்ட்டூனுக்குப் பெரிய வசதி. எதிர்பாராத திருப்பத்தைக் கடைசிச் சொல்வரை மறைத்து வைக்க முடிகிறது. “பேச்சை நிறுத்திடுவான்” என்பது முன்னால் வந்து “சத்தம் வரலைன்னு சொல்லிடாதீங்க” என்பது பின்னால் போனால், படம் பாதி உயிரை இழக்கும். பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படியே எழுதுங்கள். பாட்டியின் வாயில் கட்டுரைத் தமிழ் ஒட்டாது. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் சுருக்குங்கள். படம் ஏற்கெனவே காட்டுவதை வசனம் மீண்டும் சொன்னால் அந்தச் சொற்களை அடியுங்கள்.

ஐந்தாம் படி: ஒருவரிடம் கொடுத்தல்

வரைந்ததையும், பிறர் வரைந்ததில் பிடித்ததையும் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு அனுப்புவதைவிட ஒருவருக்கு அனுப்புவது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். குழுவில் போட்ட படத்துக்குச் சிரிக்கும் முகங்கள் வரும். ஒருவருக்கு மட்டும் அனுப்பிய படத்துக்குப் பதில் வரும். அனுப்பும்போது ஒரு வரி சேருங்கள்: “இந்த மூன்றாவது ஆளைப் பார்த்ததும் உன் முதல் வேலை நினைவுக்கு வந்தது.” ஏன் அவருக்கு அனுப்புகிறோம் என்ற அந்தக் காரணத்தில்தான் உறவு இருக்கிறது. உடல்நலம் குன்றியவருக்கும் இழப்பில் இருப்பவருக்கும் அனுப்பும்போது, அவருடைய துயரத்தைத் தொடாத, அவருக்கு முன்பு பிடித்திருந்த ஒரு விஷயத்தைத் தொடும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குடும்பத்தோடும் நண்பர்களோடும் செய்வதற்கு வசனப் போட்டியைப் போல நல்ல விளையாட்டு இல்லை. வசனத்தை நீக்கிய ஒரு படத்தை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல் ஒரு வரி எழுதிப் போட வேண்டும். பிறகு ஒருவர் எல்லாவற்றையும் ஒரே தொனியில் படிக்க வேண்டும். அதிகம் பேசாதவர்களின் வரிகள் பல நேரங்களில் வெல்லும். ‘நியூ யார்க்கர்’ இதழ் 2005 முதல் இந்தப் போட்டியை வாரந்தோறும் நடத்திவருகிறது. புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகளால் 2006-இல் குரலை இழந்த திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், நூறு முறைக்கு மேல் வசனம் அனுப்பி, 2011-இல் அதில் வென்றார். வாயால் பேச முடியாத ஒருவர், ஒரு படத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சு கொடுத்துச் சிரிக்க வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

கார்ட்டூனிஸ்ட்டுக்கு எழுதுவதும் கொடுப்பதில் ஒரு வகையே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்ட சில நாட்களில், அமெரிக்க ஆசிரியை ஒருவர், சிறுவர்களே பாத்திரங்களாக வரும் ‘பீனட்ஸ்’ கார்ட்டூன் தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதி, அந்தச் சிறுவர் கூட்டத்தில் ஒரு கறுப்பினச் சிறுவனையும் சேர்க்கும்படி கேட்டார். அது மேலிருந்து இரக்கம் காட்டுவது போல ஆகிவிடுமோ என்று ஷுல்ஸ் தயங்கினார், கடிதங்கள் தொடர்ந்தன. 1968 ஜூலை 31 அன்று ஃபிராங்க்ளின் என்ற சிறுவன் தொடருக்குள் வந்தான். கடற்கரையில் தொலைந்த பந்தை அவன் எடுத்துவந்து தொடரின் நாயகனான சார்லி பிரௌனிடம் கொடுக்க, பிறகு இருவரும் சேர்ந்து மணல் கோட்டை கட்டுகிறார்கள். வாசகர் ஒருவர் எடுத்து வைத்த கோரிக்கை, கார்ட்டூனுக்குள் இரண்டு சிறுவர்கள் சேர்ந்து விளையாடும் ஒரு மதியமாக மாறியது. ஒரு படம் உங்களைத் தொட்டால் வரைந்தவருக்கு அதைத் தெரிவியுங்கள். பகிரும்போது அவருடைய கையொப்பத்தை வெட்டிவிடாதீர்கள்.

ஆறாம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று சோதித்தல்

சிரிக்கும் கணத்தில் இதயம் சற்று மரத்துப்போக வேண்டும் என்றும் பெர்க்சன் எழுதினார். தவறி விழுபவரைப் பார்த்துச் சிரிப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் நல்ல கார்ட்டூன் மரத்துப்போன இதயத்தை அடுத்த கணமே எழுப்பிவிடுகிறது என்பது என் கருத்து. பாட்டி பிடித்துக்கொள்ளும் அந்தக் கையில் அதுதான் நடக்கிறது.

ஆகவே பகிர்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: படத்தில் இருப்பவரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்தால், இதை அவரிடம் நீட்ட முடியுமா? ஒருவரின் உடல், நிறம், பேச்சு வழக்கு, வறுமை ஆகியவற்றை மட்டுமே வைத்து நிற்கும் சிரிப்பு இந்தச் சோதனையில் நிற்காது. அதிகாரத்தில் இருப்பவரின் செயலைக் கேலி செய்வது வேறு. தப்பிக்க வழியில்லாதவரின் நிலையைக் கேலி செய்வது வேறு. தெரிந்தவர்களை வரையும்போது அவர்களின் அனுமதியைக் கேளுங்கள், அல்லது நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை முழுவதும் மாற்றிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தப் படத்தில் உங்களையே நாயகராக வையுங்கள்.

வரும் பதில்களைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில், யார் சொன்னது, எந்தப் படத்துக்குச் சொன்னது என்று எழுதி வையுங்கள். “எங்கள் வீட்டிலும் இப்படித்தான்” என்று தொடங்கும் பதில்களுக்குள் பெரும்பாலும் அடுத்த விதை இருக்கும். அதை வரைந்ததும், முதலில் சொன்னவருக்கே அனுப்புங்கள்.